புட் ஆஃப்: தள்ளிப் போடுகிற வினை

ஆங்கிலத்தில் ‘புட்’ என்றால் வை, போடு. ‘ஆஃப்’ என்றால் விலக, அப்பால். இரண்டும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள்தான். ஆனால் ‘புட் ஆஃப்’ என்று சேர்ந்து வரும்போது முதலில் கிடைக்கும் பொருள் தள்ளிப் போடு, ஒத்திவை. அதே இரண்டு சொற்கள் இன்னொரு வாக்கியத்தில் ‘வெறுப்பு வரச் செய்’ என்று ஆகும். வேறொன்றில் ‘கவனத்தைக் கலை’ என்று நிற்கும். மற்றொன்றில் ‘சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பு’ என்று வரும். அகராதியில் இரண்டையும் தனித்தனியே தேடிக் கூட்டிப் பார்த்தால் இவற்றில் எதுவும் கிடைக்காது.

ஒரு வினையும் ஆஃப், ஆன், அப், அவுட் போன்ற ஒரு சிறு சொல்லும் சேர்ந்து இப்படித் தனிப்பொருள் தருவதை ஆங்கில இலக்கணத்தில் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்பார்கள். பெயர் புதியது. 1925இல் வெளிவந்த ‘வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்’ என்ற நூலில் லோகன் பியர்சல் ஸ்மித் இதைக் கையாண்டார். பெயரை எடுத்துக் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். பெயர்தான் புதியது, தொல்லை பழையது. 1755இல் வெளியான தமது அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், அயல்நாட்டார் ஆங்கிலத்தில் மிகவும் திணறும் இடம் இதுதான் என்று எழுதினார். அதனாலேயே இந்த வினைகளைத் தனிக் கவனத்தோடு தொகுத்ததாகவும் சொன்னார்.

தமிழர் அவ்வளவு திணற வேண்டியதில்லை. ‘கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிப் போட்டார்கள்’ என்ற வாக்கியத்தில் யாரும் எதையும் கையால் தள்ளவில்லை, எங்கேயும் கொண்டுபோய்ப் போடவுமில்லை. தள்ளு, போடு என்ற இரண்டு கைவேலைச் சொற்கள் சேர்ந்து நாளைப் பற்றிய பேச்சாகிவிட்டன. ஆங்கிலம் செய்வதும் இதையேதான். நிகழ்ச்சியை அதன் நாளிலிருந்து எடுத்து அப்பால் வைப்பதுதான் புட் ஆஃப். அலுவலகக் கடிதங்களில் வரும் ‘போஸ்ட்போன்’ என்ற சொல்லும் லத்தீனில் ‘பின்னே வை’ என்றுதான் இருந்தது. ஜெர்மன் மொழியில் ஒத்திவைப்பதைக் குறிக்கும் ‘அவுஃப்ஷீபன்’ என்ற சொல்லுக்குள் இருப்பது தள்ளு என்ற வினை. லத்தீன்காரர் வைத்தார், ஜெர்மானியர் தள்ளுகிறார். தமிழ் தள்ளியும் போடுகிறது. எட்டிப் பிடிக்க முடியாத காலத்தைக் கையால் நகர்த்தும் பொருளாக நினைத்துக்கொள்வது பல மொழிகளுக்கும் பொதுவான பழக்கம் போலிருக்கிறது.

பொருள் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, சொற்களை எந்த இடத்தில் வைப்பது என்பது. தமிழில் ‘தள்ளி’க்கும் ‘போட்டார்கள்’ என்பதற்கும் நடுவே ‘கூட்டத்தை’ என்ற சொல்லை நுழைக்க முடியாது. ‘தள்ளித்தான் போட்டார்கள்’ என்று ஓர் இடைச்சொல் நுழையலாம், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் கதவு திறந்தே இருக்கிறது. ‘தே புட் ஆஃப் த மீட்டிங்’ என்றும் சொல்லலாம், ‘தே புட் த மீட்டிங் ஆஃப்’ என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: கூட்டத்தைத் தள்ளிப் போட்டார்கள்.

ஆனால் கூட்டம் என்ற சொல்லுக்குப் பதில் ‘அதை’ என்று வந்துவிட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடும். ‘தே புட் இட் ஆஃப்’ என்பது மட்டுமே சரி. ‘தே புட் ஆஃப் இட்’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்ல மாட்டார். இட், தெம், ஹிம், ஹெர், மீ, அஸ் போன்ற சிறு சொற்களுக்கு எப்போதும் நடுவில்தான் இடம். இதற்குக் காரணம் ஓசையில் இருக்கிறது. இந்த வினையைச் சொல்லும்போது அழுத்தம் ‘ஆஃப்’ மேல் விழும். ஏற்கெனவே தெரிந்த ஒன்றைச் சுட்டுகிற ‘இட்’ அழுத்தமில்லாத சொல். வாக்கியத்தின் கடைசியில், அழுத்தம் எதிர்பார்க்கப்படும் இடத்தில், அதற்கு நிற்கத் தெம்பில்லை. இயல்பாகப் பேசும்போது மூன்று சொல்லும் ஒட்டிக்கொண்டு கிட்டத்தட்ட ‘புட்டிட்டாஃப்’ என்றே காதில் விழும். வாய்விட்டு நாலு முறை சொல்லிப் பழகியவருக்கு இந்த விதியை மனப்பாடம் செய்யும் வேலை மிச்சம்.

மறுகோடியில் நீளமான சொற்றொடர் இருக்கிறது. ‘இன்று செய்யக்கூடியதை நாளைக்குத் தள்ளிப் போடாதே’ என்று பொருள்படும் ஆங்கிலப் பழமொழியைப் பலரும் கேட்டிருப்பார்கள்: ‘நெவர் புட் ஆஃப் டில் டுமாரோ வாட் யூ கேன் டூ டுடே.’ இதில் தள்ளிப் போடக் கூடாத பொருள் ‘வாட் யூ கேன் டூ டுடே’ என்ற ஐந்து சொல் கொண்ட தொடர். அதைப் புட்டுக்கும் ஆஃபுக்கும் நடுவில் திணித்தால் கேட்பவருக்கு ஆஃப் வந்து சேர்வதற்குள் புட் மறந்துபோகும். அதனால் அது வாக்கியத்தின் கடைசிக்கே போய்விட்டது. ‘நாளை வரை’ என்பதுகூட அதற்கு முன்னால் வந்து நிற்கிறது. சிறியது உள்ளே, பெரியது வெளியே, நடுத்தரம் எங்கும் என்று இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

புட் என்ற வினைக்கு இறந்தகாலத்திலும் அதே உருவம்தான். புட்டட் என்ற சொல்லுக்கு இங்கே வேலையில்லை. ஆகவே ‘தே புட் இட் ஆஃப்’ என்பது ‘போடுகிறார்கள்’ என்பதா ‘போட்டார்கள்’ என்பதா என்று அந்த நான்கு சொல்லை வைத்துச் சொல்ல முடியாது. நேற்று, எப்போதும் போன்ற அக்கம்பக்கச் சொற்கள்தான் காட்டிக்கொடுக்கும். ஹி, ஷி, இட் வரும்போது மட்டும் நிகழ்காலத்தில் ‘புட்ஸ்’ என்று வேறுபடும்.

நாளைக் குறிப்பிடுவதற்குச் சில துணைகள் உண்டு. எந்த நாளுக்கு என்று சொல்ல ‘அன்டில்’ அல்லது ‘டில்’: ‘தே புட் த வெட்டிங் ஆஃப் அன்டில் ஜூன்.’ கல்யாணத்தை ஜூனுக்குத் தள்ளிப் போட்டார்கள். எவ்வளவு காலம் என்று சொல்ல ‘ஃபார்’: ‘புட் இட் ஆஃப் ஃபார் எ வீக்’ என்றால் ஒரு வாரம் தள்ளிப் போடு. காரணத்தைச் சொல்ல ‘பிகாஸ் ஆஃப்’ வரும். ‘த மேட்ச் வாஸ் புட் ஆஃப் பிகாஸ் ஆஃப் ரெயின்’ என்ற வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டு ஆஃபும் ஒன்றுபோல் தெரியும். ஆங்கிலத்தில் அவை வேறு வேறு சொற்கள். முதலாவது இரண்டு எஃப் கொண்டது, அழுத்தமானது. இரண்டாவதில் ஒரே எஃப், அதுவும் ‘வ்’ போல மெலிந்து ஒலிக்கும்.

அன்றாடப் பேச்சில் இந்த வினை அதிகம் புழங்கும் இடம் கூட்டமோ கல்யாணமோ அல்ல. செய்ய மனமில்லாத காரியங்கள்தான். கடைவாய்ப் பல்லில் வலி. ஒரு பக்கமாக மென்று சமாளித்து, இரவில் கிராம்பு கடித்துக்கொண்டு படுத்து, மூன்று வாரம் ஓடிவிட்டது. இந்த நிலையில் இருப்பவரைப் பற்றி ஆங்கிலம் சொல்வது: ‘ஹி கீப்ஸ் புட்டிங் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்.’ பல் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார். இந்த ஒரு வாக்கியத்தில் கற்க இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, ‘கோயிங்’. ஆஃபுக்குப் பின் இன்னொரு வினை வந்தால் அது ‘இங்’ விகுதியோடுதான் வர வேண்டும். ‘புட் ஆஃப் டு கோ’ என்பது தவறு. இந்தத் தவறைத் திருத்தத் தமிழே போதும். ‘போகத் தள்ளிப் போட்டார்’ என்று தமிழில் யாரும் சொல்வதில்லை, ‘போவதைத் தள்ளிப் போட்டார்’ என்றுதான் சொல்கிறோம். போவது என்பது தொழிற்பெயர். கோயிங் என்பதும் அதே வேலையைச் செய்கிறது. தமிழில் ‘-வதை’ வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘இங்’ போட்டால் இந்த வினையைப் பொறுத்தவரை பிழை வராது.

மற்றொன்று ‘கீப்ஸ்’. ‘கொண்டே இருக்கிறார்’ என்பதன் ஆங்கிலம் அது. புட் ஆஃபும் கீப்பும் அடிக்கடி ஜோடி சேர்வதற்குக் காரணம், தயக்கத்தால் தள்ளிப் போடுகிறவர் ஒரு முறையோடு நிறுத்துவதில்லை. ‘வை டூ யூ கீப் புட்டிங் இட் ஆஃப்?’ என்று வீட்டார் கேட்பார்கள். வலி பொறுக்க முடியாத நாளில் அவரே சொல்வார்: ‘ஐ கான்ட் புட் இட் ஆஃப் எனி லாங்கர்.’ இனியும் தள்ளிப் போட முடியாது.

இந்தத் தயக்கத்தின் சாயல்தான் புட் ஆஃபைப் போஸ்ட்போனிலிருந்து பிரிக்கிறது. தேர்வு ஒத்திவைக்கப்பட்டது என்ற அறிவிப்புப் பலகையில் போஸ்ட்போன் பொருந்தும். பல்வலிக்கு அது பொருந்தாது. இலக்கணப்படி தவறில்லை என்றாலும், பல்வலிக்காரர் தனக்குத் தானே சுற்றறிக்கை அனுப்பியது போல ஒலிக்கும். தமிழிலும் இதே பிரிவினை துல்லியமாக இருக்கிறது. பேரவை ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று செய்தித்தாள் எழுதும். பல்லைக் காட்டப் போவதை யாரும் ‘ஒத்திவைப்பதில்லை’, தள்ளித்தான் போடுகிறார்கள். எது ஒத்திவைப்பு, எது தள்ளிப் போடுதல் என்று தமிழ்க் காது பிரித்தறிகிற இடத்திலெல்லாம் ஆங்கிலத்துக்கும் அதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். பேச்சில் புட் ஆஃப் இரண்டு வேலையையும் செய்யும் என்பது மட்டும் கூடுதல்.

நெருங்கிய உறவுச் சொற்கள் சில குழப்பும். ‘கால் ஆஃப்’ என்றால் ஒரேயடியாகக் கைவிடுவது, ரத்து. 2020ஆம் ஆண்டு இந்த வேறுபாட்டை உலகத்துக்கே பாடமாகக் காட்டியது. கொரோனா பரவியதால் டோக்கியோ ஒலிம்பிக் போட்டியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவதாக அந்த ஆண்டு மார்ச் 24 அன்று அறிவித்தார்கள். 2021 ஜூலை 23 அன்று, 2020 என்ற பழைய பெயரோடேயே அது தொடங்கியது. ஒலிம்பிக் அறிவிப்பு வந்து எட்டு நாள் கழித்து, 2020 ஏப்ரல் 1 அன்று, விம்பிள்டன் டென்னிஸ் போட்டி அந்த ஆண்டுக்குக் கிடையாது என்ற முடிவு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விம்பிள்டன் நடக்காமல் போனது அதுவே முதல் முறை. ஒலிம்பிக் ‘வாஸ் புட் ஆஃப்’, விம்பிள்டன் ‘வாஸ் கால்ட் ஆஃப்’. இரண்டையும் மாற்றிச் சொன்னால் நடந்தது நடக்காததாகவும் நடக்காதது நடந்ததாகவும் ஆகிவிடும்.

இன்னொரு பழைய உதாரணமும் உண்டு. பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா 1902 ஜூன் 26 அன்று நடக்கவிருந்தது. குடல்வால் நோய் முற்றி, விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அவருக்கு அவசர அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. விருந்தினர் பல நாடுகளிலிருந்து வந்து இறங்கியிருந்தார்கள். விழா ஆகஸ்ட் 9 அன்று நடந்தது. ‘த காரனேஷன் வாஸ் புட் ஆஃப்’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி கிடைப்பது கடினம். நாள் குறித்தாயிற்று, யாரோ முடிவெடுத்து அதை மாற்றினார்கள், பிறகு வேறொரு நாளில் நடந்தது. மூன்றும் பொருந்தினால்தான் புட் ஆஃப் முழுமையாகப் பொருந்தும்.

ரயில் தாமதத்துக்கு இந்த வினை ஏன் பொருந்தாது என்பது இதிலிருந்தே விளங்கும். எட்டு மணி ரயில் ஒன்பதரைக்கு வந்தால் ‘த ட்ரெயின் வாஸ் டிலேட்’. யாரும் உட்கார்ந்து முடிவெடுத்து ரயிலைத் தள்ளிப் போடவில்லை, அது தானாகப் பிந்தியது. தமிழிலும் ரயில் தாமதமாகிறது, தள்ளிப் போவதில்லை. புட் ஆஃபின் எதிர்த்திசைக்கு, அதாவது குறித்த நாளுக்கு முன்னதாகவே நடத்துவதற்கு, பிரிட்டனில் ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்பார்கள். இந்தியாவில் அதற்குப் ‘ப்ரீபோன்’ என்ற சொல் வேரூன்றிவிட்டது. போஸ்ட் என்றால் பின், ப்ரீ என்றால் முன் என்ற கணக்கில் அமைந்த சொல். வேண்டிய இடத்தில் வேண்டிய சொல்லைப் படைத்துக்கொண்ட நல்ல முயற்சி அது, வெட்கப்பட எதுவுமில்லை. பிற நாட்டார் சிலருக்கு விளங்காமல் போகலாம் என்பது மட்டும் நினைவில் இருக்க வேண்டும்.

இதுவரை தள்ளப்பட்டது நிகழ்ச்சி. ஆளையும் தள்ளலாம். கடன் கொடுத்தவர் மூன்றாம் முறையாக வந்து நிற்கிறார். வாங்கியவர் அடுத்த மாதம் கட்டாயம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். ‘ஹி புட் மீ ஆஃப் வித் அனதர் ப்ராமிஸ்’ என்பார் கொடுத்தவர். இன்னொரு வாக்குறுதியைக் கையில் கொடுத்து என்னைத் தட்டிக்கழித்துவிட்டான். ‘வித்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வருவது, பணத்துக்குப் பதிலாகக் கிடைத்த சாக்கு. வீட்டுக்கு வரவிருந்த விருந்தினரை இப்போது வேண்டாம் என்று சொல்லி நிறுத்துவதும் இந்த வகைதான்: ‘வீ ஹேட் டு புட் அவர் கெஸ்ட்ஸ் ஆஃப்.’

அடுத்த பொருள் மனத்தை விலக்குவது. உணவகத்துக்குள் நுழைகிறார் ஒருவர். சமையலறைப் பக்கமிருந்து பழைய எண்ணெயின் வாடை வருகிறது. மேசையைத் துடைத்துவிட்டுப் போன துணியின் ஈரம் காயவில்லை, அதிலும் ஒரு நாற்றம். பசி இருந்தும் எழுந்து வந்துவிடுகிறார். ‘த ஸ்மெல் புட் மீ ஆஃப்.’ இங்கே நாளும் இல்லை, கிழமையும் இல்லை. நகர்ந்தது அவருடைய ஆசை. எதிலிருந்து நகர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால் ஆஃபுக்குப் பின்னால் அதையும் சேர்க்கலாம்: ‘இட் புட் மீ ஆஃப் மை ஃபுட்.’ சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. ‘தட் டீச்சர் புட் ஹிம் ஆஃப் மேத்ஸ் ஃபார் லைஃப்’ என்றால், அந்த ஆசிரியரால் அவனுக்கு வாழ்நாள் முழுவதும் கணக்கே வேண்டாமென்று ஆகிவிட்டது. ஒரு பிள்ளையின் மனம் ஒரு பாடத்திலிருந்து விலகிப்போகிற பெரிய இழப்பை இந்தச் சின்ன வினை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது.

இந்தப் பொருளில் செயப்பாட்டு வடிவம் அதிகம் வரும். ‘டோன்ட் பி புட் ஆஃப் பை த ப்ரைஸ்’: விலையைப் பார்த்துப் பின்வாங்கிவிடாதே. புத்தகத்தின் தடிமன், கடையின் வெளித்தோற்றம், ஒருவரின் கரகரத்த குரல் என்று ‘பை’க்குப் பின்னால் வருவதெல்லாம் முதல் பார்வையில் ஆளை விலகச் செய்யும் பொருள்கள். இதிலிருந்து ‘ஆஃப்-புட்டிங்’ என்ற பெயரடையும் பிறந்திருக்கிறது. சொற்கள் தலைகீழாக மாறி முன்னது பின்னதாகிவிட்டன. கடுகடுத்த முகமும் முகம் சுளிக்க வைக்கும் பேச்சும் ஆஃப்-புட்டிங். ஆனால் தள்ளிப் போடப்பட்ட கூட்டத்தை அப்படிச் சொல்ல முடியாது.

கவனத்தைக் கலைப்பது பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கு. கிரிக்கெட் மைதானத்தில் பந்துவீச்சாளருக்குப் பின்னால், எல்லைக்கோட்டருகே, பெரிய திரை ஒன்று நிற்கும். பந்து மட்டையாளரின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய அது உதவுகிறது. பந்துவீச்சாளர் ஓடி வரும் நேரத்தில் அந்தத் திரைக்கு முன்னால் யாரோ ஒருவர் குறுக்கே நடந்து போகிறார். மட்டையாளர் கையை உயர்த்தி விலகிக்கொள்கிறார். ‘சம்திங் புட் ஹிம் ஆஃப்’ என்று வர்ணனையாளர் சொன்னால், ஏதோ ஒன்று அவர் கவனத்தைச் சிதறடித்துவிட்டது என்று பொருள். கணக்குப் போடுகிறவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும் தம்பியிடம் ‘டோன்ட் புட் மீ ஆஃப்’ என்பதும் இதுதான். அமெரிக்கர் இந்த இடத்தில் ‘த்ரோ ஆஃப்’ என்று சொல்வது உண்டு.

நிகழ்ச்சி நாளிலிருந்து விலகுகிறது. கடன்காரர் வாசலிலிருந்து விலகுகிறார். ஆசை சாப்பாட்டிலிருந்தும் கண் பந்திலிருந்தும் விலகுகின்றன. வினையைப் பார்ப்பதைவிட ‘ஆஃப்’ என்ற சிறு சொல்லைப் பார்த்துக்கொண்டு, எது எதிலிருந்து விலகுகிறது என்று கேட்டால் புதிதாகச் சந்திக்கும் வாக்கியமும் பெரும்பாலும் விளங்கிவிடும். ஆளா நிகழ்ச்சியா என்பதைப் பார்ப்பதும் உதவும். நிகழ்ச்சி வந்தால் ஒத்திவைப்பு, ஆள் வந்தால் மற்ற மூன்றில் ஒன்று.

தமிழிலும் இதே போல் வினையோடு வரும் பெயர்ச்சொல் பொருளை மாற்றுவதுண்டு. ‘தேதியைத் தள்ளி வைத்தார்கள்’ என்பதும் ‘குடும்பத்தை ஊரை விட்டுத் தள்ளி வைத்தார்கள்’ என்பதும் ஒரே வினைதான், பொருளோ வேறு. தமிழ் கற்க வரும் வெளிநாட்டவருக்கு இது எவ்வளவு விந்தையாக இருக்குமோ, அவ்வளவுதான் புட் ஆஃபின் விந்தையும்.

எஞ்சியிருப்பது உடுப்பும் விளக்கும். ‘புட் ஆன்’ என்றால் அணிந்துகொள். அப்படியானால் கழற்றுவது புட் ஆஃபாகத்தானே இருக்க வேண்டும்? ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில், எரியும் புதரின் முன் நின்ற மோசேயிடம் காலணியைக் கழற்றச் சொல்லும் இடத்தில் புட் ஆஃப்தான் வருகிறது. இன்று அந்த இடத்தை ‘டேக் ஆஃப்’ பிடித்துக்கொண்டது. சட்டையை ‘புட் ஆன்’ செய்து ‘டேக் ஆஃப்’ செய்கிறார்கள்.

விளக்கிலும் இதே கோணல். ‘புட் ஆன் த லைட்’ என்றால் எங்கும் விளங்கும். ‘புட் ஆஃப் த லைட்’ இந்தியாவில் சாதாரணமாகக் காதில் விழுவது, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அவ்வளவாகக் கேட்காதது. அங்கே பெரும்பாலும் ‘டர்ன் ஆஃப்’, ‘ஸ்விட்ச் ஆஃப்’. ‘ஆஃப் த லைட்’ என்று ஆஃபையே வினையாக்கிச் சொல்வது இங்கே பழகிப்போனதற்கு ‘லைட்டை ஆஃப் பண்ணு’ என்ற தமிழ்ப் பேச்சும் துணை நின்றிருக்கலாம். ஆனால் பழைய தமிழ்ப் பேச்சைக் கேட்டால் ஆங்கிலத்தின் கோணல் அங்கேயும் இருக்கிறது. சட்டையைப் போடுகிறார்கள், கழற்றுகிறார்கள். லைட்டைப் போடுகிறார்கள், அணைக்கிறார்கள். போடுவதற்கு ஒரு வினை இரண்டு இடத்திலும் போதுமானதாக இருக்கிறது, எடுப்பதற்கு மட்டும் இடத்துக்கு ஒன்று தேவைப்படுகிறது.